தாப்பாவரை போன திருயாத்திரை

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் லாசரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, முப்பத்திரண்டு ஆண்டுகள் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியும் ஒரு கம்பத்தில்கூட இடித்ததில்லை. இன்னொன்று, ஞாயிறு பூசையில் எல்லோரும் முழங்கால் போடும்போது அவர் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே முதுகை முன்னால் சாய்ப்பார். பார்க்கிறவர்களுக்கு முழங்கால் போட்ட மாதிரியும் இருக்கும், போடாத மாதிரியும் இருக்கும்.

அவர் மனைவி மடலேன் வேறு ரகம். இருபத்தேழு ஆண்டுகளாக ஜூலை மாதம் வடக்கே இருக்கும் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பேருந்தில் போய்வருபவர். போக முடியாதவர்கள் அவரிடம்தான் மனுச் சீட்டும் மெழுகுவர்த்தியும் கொடுத்து அனுப்புவார்கள். கோவிலில் ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படித்து, அதற்குரிய மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு பாட்டில் புனிதத் தண்ணீரோடு திரும்புவார். சீட்டு கொடுக்கிறவர்களில் பாதிப்பேர் இந்துக்கள். அன்னம்மாள் அதைப் பற்றி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆண்டுதோறும் பேருந்து ஏற்றிவிட வரும் லாசர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"ஏன் மடலேன், ஆண்டவர் பண்டமாரானுக்கு லீவு போட்டுட்டாரா? புக்கிட் மெர்த்தாஜாம்லதான் டூட்டியா?"

மடலேன் ஜன்னலை மூடிக்கொள்வார்.

இந்த ஆண்டு மடலேனுக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்தது. பேருந்தில் அவர் இடம் காலி. சீட்டுகளோ இருபத்துமூன்று சேர்ந்துவிட்டன. மடலேன் பையை எடுத்துக் கணவரின் மடியில் வைத்தார். கக்கூசுக்குப் போனாலும் இதைக் கையை விட்டு இறக்கக் கூடாது என்றார். லாசர் மறுத்துப் பேச வாயைத் திறந்தபோது, மடலேன் கட்டுப்போட்ட காலை ஸ்டூலின் மேல் மெதுவாகத் தூக்கி வைத்தார். லாசர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

விடியற்காலை ஐந்துக்குக் கிள்ளானிலிருந்து கிளம்பிய பேருந்தில் ஏறிய கணத்திலிருந்து ஜெபமாலை. எட்டு மணிக்குத் தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். லாசர் சொன்னபடி பையோடு இறங்கினார். கைப்பேசியைப் பற்றி மனைவி எதுவும் சொல்லாததால் அது இருக்கையிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, ருசித்துச் சாப்பிட்டார். இன்னொரு பொட்டலமும் சாப்பிட்டார்.

பேருந்தை நடத்தும் பாலனுக்குத் தலை எண்ணும் பழக்கமில்லை. பக்கத்து ஆள் இருக்காரா என்று கேட்டுக்கொண்டே நடுவில் நடப்பார். அவரவர் பக்கத்து ஆளுக்கு அவரவர் பொறுப்பு. லாசருக்குப் பக்கத்தில் அய்யாவு என்ற பெரியவர். அவர் அரைத்தூக்கத்தில் இருக்காரு இருக்காரு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். பேருந்து போய்விட்டது.

லாசருக்கு வழியில்லாமல் போகவில்லை. அதுதான் அவரைப் பின்னால் உறுத்தியது. அம்பாங்கிலிருந்து வந்த இன்னொரு திருயாத்திரைப் பேருந்தில் ஓர் இடம் காலி இருந்தது. ஓட்டுநரே கூப்பிட்டார், வாங்க அங்கிள், ஏறிக்குங்க என்று. உள்ளே ஜெபமாலை ஆரம்பித்திருந்தது. லாசர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வயிறு சரியில்லை, நீங்க போங்க என்றார். இரண்டு நாசி லெமாக் தின்ற வயிறு கல்லுமாதிரி இருந்தது.

பழகிய லோரிக்காரர் ஒருவர் தாப்பா டவுனில் இறக்கிவிட்டார். அங்கிருந்து பேருந்து, பிறகு ரயில். ஒரு மணிக்குத் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் நின்றார். வீட்டுக்குப் போக முடியாது. திருயாத்திரைப் பேருந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் கிள்ளான் திரும்பும். வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டார். பூக்கடை வரிசையை இரண்டு முறை சுற்றினார். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்காகத்தான் மாதா கோவில் வளாகத்துக்குள் நுழைந்தார். இதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

மாதா சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தித் தட்டு. லாசர் பையைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார். அன்னம்மாள் யார்? மாதாவின் அம்மா. அம்மாவுக்கு வந்த கடுதாசியை மகள் கையில் கொடுத்தால் போய்ச் சேராதா என்ன? வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில்கூடப் பார்சலைக் கொடுக்கிறார்களே.

இந்த நியாயம் அவருக்கே மிகவும் பிடித்துவிட்டது. முதல் சீட்டைப் பிரித்தார்.

கமலநாதன், மகளுக்கு மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கேட்டிருந்தார். பெயர் போடாத ஒருவர் நாலு நம்பர் லாட்டரி ஒரே ஒரு தடவை அடிக்க வேண்டும், அதன் பிறகு வாங்கவேமாட்டேன் என்று எழுதியிருந்தார். கையெழுத்தைப் பார்த்ததும் அது பாலன் என்று லாசருக்குத் தெரிந்துவிட்டது. கிஷன் என்ற சிறுவன் காணாமல்போன நாயின் படத்தை வரைந்திருந்தான். அடையாளம் தெரியட்டும் என்று ஒரு காதைக் கறுப்பாக்கியிருந்தான். லாசர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினார்.

பதினான்காவது சீட்டு பக்கத்து வீட்டு வாணியுடையது. தெருவே கேட்கும்படி சிரிக்கிற பெண். "இந்தத் தடவையாவது தங்கணும்" என்று மட்டும் இருந்தது. இந்தத் தடவையாவது என்றால், இதற்கு முன்னால்? ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஆறு ஆண்டுகளாக இருக்கிறோம், எனக்குத் தெரியாதே என்று லாசர் நினைத்தார். அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை சத்தமாக.

அதன் பிறகு சிரிப்பு வரவில்லை. தட்டின் மேல்வரிசைகள் நிரம்பிவிட்டதால் மிச்சத்தைக் கீழ்வரிசையில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. குனிந்து பார்த்தார், எட்டவில்லை. வேறு வழியின்றி தரையில் முழங்கால் போட்டார். கடைசிச் சீட்டு மடலேனின் கையெழுத்து.

"அன்னம்மா தாயே, என் முழங்காலை எடுத்துக்கிட்டாவது இவரை ஒரு தடவை முழங்கால் போட வைங்கன்னு வருஷா வருஷம் கேட்டேன். என் முழங்காலை எடுத்துக்கிட்டீங்க. இனி உங்க பங்கு."

லாசர் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. மாதா மட்டும் இருந்தார். எழுந்துவிடலாம் என்று நினைத்தார். எழவில்லை. மெழுகுவர்த்தி பாதி கரையும்வரை அங்கேயே இருந்தார். பிறகு அதே வளாகத்தின் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, மிச்சப் பொழுதைக் கழித்துவிட்டு ரயில் ஏறினார்.

சரியாக ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவர், மனைவி கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். ஜனம்னா அப்படி ஒரு ஜனம். அந்த நெரிசலில்தான் கைப்பேசி விழுந்துவிட்டது. மடலேன் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பிரசங்கம் யார் என்றார். ஒரு ஃபாதர் என்றார் லாசர். குட்டையா நெட்டையா என்றார் மடலேன். பின்னால் நின்றதால் தெரியவில்லை என்றார். அடுத்தடுத்த நாள்களில் மடலேன் இன்னும் கேட்டார். மலைமேல் பழைய கோவிலுக்கு ஏறினீர்களா? சொரூபத்துக்கு என்ன நிறத்தில் பூ? லாசர் ஏறினார், இறங்கினார், மஞ்சள் பூ போட்டார். வாழ்நாளில் ஒரு கம்பத்திலும் இடிக்காதவர், அந்த வாரம் எல்லாக் கம்பத்திலும் இடித்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வாணி. தினமும் மாலையில் வந்து, மடலேனிடம் ஒரு கரண்டி புனிதத் தண்ணீர் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டுப் போவாள். ஏழாம் நாள் அவள் கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது லாசர் நாற்காலியிலிருந்து பாய்ந்து எழுந்தார்.

"குடிக்காதம்மா. அது குழாய்த் தண்ணி. நான் புக்கிட் மெர்த்தாஜாம் போகவே இல்ல."

வாணி கரண்டியோடு அப்படியே நின்றாள். மடலேன் அவள் கையைப் பிடித்துக் கரண்டியை உதட்டருகே நகர்த்தினார்.

"நீ குடிம்மா. அது போன வருஷம் நான் கொண்டாந்தது. இவரு தண்ணி இவரு வயித்துலதான் இருக்கு. ஒரு வாரமா தேத்தண்ணி அதுலதான் கலக்கினேன்."

சொல்லிவிட்டு மடலேன் அலமாரியைத் திறந்து லாசரின் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தது. திருவிழா அன்று காலை பத்து மணிக்கு மடலேன் கூப்பிட்டபோது காலி இருக்கையில் கைப்பேசி மணியடித்திருக்கிறது. எடுத்த பாலன் அப்போதுதான் ஆள் குறைவதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் கொண்டுவந்து கொடுத்து, மூச்சுவிடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

"பகல் பூரா வாசலையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். வாசல் கேட்டு தொறக்கிற சத்தம் கேட்டதும்தான் உயிரே வந்திச்சி. உள்ள வந்த ஆளு ஜனம்னா ஜனம்னு ஆரம்பிச்சாரு. சரி, எதுவரைக்கும் ஓட்டுறாருன்னு பாப்போம்னு விட்டுட்டேன்."

வாணி சிரிக்க ஆரம்பித்தாள். தெருவுக்கே கேட்டது.

அவள் போன பிறகு மடலேன் மெதுவாகக் கேட்டார், சீட்டுகளை என்ன செய்தீர்கள் என்று. லாசர் எல்லாவற்றையும் சொன்னார். அம்பாங் பேருந்தையும் சேர்த்து.

"எல்லாச் சீட்டையும் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும்."

"என்னுதையுமா?"

லாசர் முழங்காலைத் தடவிக்கொண்டார். மடலேன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அங்க போனாத்தான் ஆண்டவரா? பிரிக்ஃபீல்ட்ஸ்ல கேக்கலையா?" என்றார் லாசர். பழைய கேள்விதான். ஆனால் இந்த முறை பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவரு எங்கேயும்தான் கேப்பாரு. நீங்க இந்த நாற்காலில உக்காந்துகிட்டே அத்தனை சீட்டையும் படிச்சிருப்பீங்களா?"

லாசர் நாற்காலியைப் பார்த்தார். அதில் அவருடைய உடம்பின் அச்சு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முப்பது மாதமாகப் பதிந்திருந்தது.

"படிச்சிருக்க மாட்டேன்லா," என்றார்.

மடலேன் தேநீர் கலக்க எழுந்தார். லாசர் அவரை உட்காரவைத்துவிட்டுத் தானே அடுப்படிக்குப் போனார். அவர் கொண்டுவந்த குழாய்த் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு கணம் யோசித்து, அதையே ஊற்றிக் கொதிக்கவைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்துப் பாலனைக் கூப்பிட்டு, அடுத்த ஜூலைக்கு இரண்டு இடம் பிடித்துவைக்கச் சொன்னார்.

"எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போடு பாலா. அய்யாவுவ வேற யாருக்காச்சும் குடு. அப்புறம் அந்த நாலு நம்பரு, அதுக்கும் மெழுகுவர்த்தி ஏத்திட்டேன்."

"நான் பேரே போடலையே," என்றார் மறுமுனையில் பாலன்.