தூரத்துச் சொந்தம்

என் மகள் பிறந்தபோது என் அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். குழந்தையைத் தொடவில்லை. "லேப்ல ஒரு பொல்லாத கிருமி வந்திருக்கு, அது அடங்கட்டும், அப்புறம் வரேன்" என்றாள். அக்கம்பக்கமெல்லாம் தூக்கிக் கொஞ்சியது. கூடப் பிறந்தவள் மட்டும் வாசலோடு சரி. மகளுக்கு இப்போது கல்லூரி வயது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நோயாளியின் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நாள் முழுக்கக் கோடிப் பேரோட குடித்தனம் நடத்துறேன், இன்னும் ஒருத்தன் வேறயா" என்பாள்.

போன வருடம் அவளுக்கே நெஞ்சில் சளி கட்டியது. மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் தின்ற மாத்திரை உடம்பின் எதிர்ப்பைக் கரைத்திருந்ததாம். முதலில் பாக்டீரியாவுக்கு ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. அவள் சளி அவளுடைய பரிசோதனைக்கூடத்துக்கே போனது. கூட வேலை பார்க்கும் பெண் முடிவோடு வந்து கட்டிலோரம் நின்றாள்.

"கிளை விட்டிருக்கா?" என்று அக்காவே கேட்டாள்.

அந்தப் பெண் ஆமென்று தலையை ஆட்டினாள். கண்ணாடித் துண்டில் இழை இழையாகக் கிளை விட்டுத் தெரிந்தால் அது பூஞ்சை.

"பூஞ்சைதானே, அதுக்கும் ஒரு ஊசியைப் போட்டுக் கொல்ல வேண்டியதுதானே" என்றேன். நான் ஏழாவதோடு நின்றவன். வண்டிப் பட்டறையில் தகரம் தட்டுகிறேன்.

"பாக்டீரியா ஒத்தை அறை வீடுடா. உட்கரு கிடையாது, தடுப்பு கிடையாது, எல்லாச் சாமானும் ஒரே இடத்துல கிடக்கும். அதுல சிலது நம்மகிட்ட இல்லாத சாமான். அதைக் குறிவச்சு அடிச்சா நமக்குப் பெரிய சேதம் இல்ல. பூஞ்சை அப்படி இல்ல. நம்ம செல் மாதிரியே உட்கருவுக்குத் தனி அறை, மத்ததுக்குத் தனித்தனி அறை. மேல்சவ்வுகூட ஏறக்குறைய நம்மளுது மாதிரிதான். தூரத்துச் சொந்தம். சொந்தக்காரனோட சண்டை போட்டா நம்ம வீட்டுச் சட்டியும்தான் உடையும்."

"அப்போ பெயிண்டை உரிக்க ஊத்துறது தகரத்தையும் அரிக்கும்கறே."

"பரவாயில்லையே, தகரம் தட்டுறவனுக்கும் மூளை இருக்கு" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

மருந்து ஏறும்போதெல்லாம் நடுக்கம் வரும். கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடும். நெஞ்சு கொஞ்சம் தெளிந்தது, சிறுநீரகம் படுத்துவிட்டது. டாக்டர் நல்ல மனிதர். மாற்றிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். குறைத்தால் பூஞ்சை எழுந்தது. கூட்டினால் அவள் விழுந்தாள். நான் அவரை நடையில் மறித்து, "ஏத்துங்க சார், ஏத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மத்தியானம், மருந்துப் பையை மாட்ட நர்ஸ் வருவதற்கு முன், அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"போதும்னு டாக்டர்கிட்ட நீ போய்ச் சொல்லுடா. நான் சொன்னா, 'நல்லா யோசிச்சியாம்மா'ன்னு கேப்பாரு. கேட்டா மாத்திச் சொல்லிடுவேன்."