கிடார் துடைத்த கை

ஊட்டி காந்தலில் மழைக்காலம் வந்தால் பூட்டு, தாழ்ப்பாள் எதுவும் கறுக்காமல் தப்பாது. என் மகளின் எலெக்ட்ரிக் கிடாரிலும் தந்தி முறுக்கும் குமிழ்கள் கறுத்திருந்தன. மறுநாள் கல்லூரி விழாவில் அவள் வாசிக்க வேண்டும். அவள் கடைக்குப் போயிருந்தபோது, கதவுக்குப் பெயின்ட் அடித்து மிஞ்சிய தின்னரைத் துணியில் நனைத்துத் துடைக்க உட்கார்ந்தேன்.

பனிமூட்டத்துக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். அறைக் கோடியில் வழக்கம்போல் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. கடைசிக் குமிழ் மட்டும் பாக்கி. அதற்குள் விரல்கள் விறைத்துவிட்டன. குளிர்காய்வது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. யோசிக்காமல் ஈரத்துணியோடு எழுந்து அடுப்பருகே போனேன்.

"அம்மா, கையை நீட்டாதீங்க! ஊடு பூரா தின்னர் நாத்தம்!"

அப்போதுதான் உள்ளே வந்த மகள் ஓடிவந்து என்னைப் பின்னால் இழுத்தாள். கையிலிருந்த துணி நழுவிக் கனலில் விழுந்தது. குப்பென்று என் முகத்தின் உயரத்துக்குத் தீ எழுந்து அடங்கியது. மகள் ஓடிப்போய் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள்.

இப்போது ஒவ்வொரு முறை வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்கிறோம், அதுவே போதும். அந்தக் கடைசிக் குமிழை மகள் துலக்க விடவில்லை. நானும் கரி அடுப்பருகே போகுமுன் என் கைகளை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.