வெப்சைட்டுக்குப் போணி

பன்னிரண்டு மணிக்குள் ஆன்ட்டி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, "இந்த வருஷம் எங்களால முடியாது மிஸ்" என்று சொல்லிவிடுவார். அதற்குள் அவரைத் தடுத்தாக வேண்டும். அடையாறில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில், திரையில் ஓடிய வரிகளை இன்னொரு முறை படித்துவிட்டுப் பிரிண்ட் கொடுத்தேன்.

ஆன்ட்டி எனக்கு உறவில்லை. லஸ்ஸிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பரதநாட்டிய உடுப்பு தைக்கும் கடை வைத்திருந்தவர். சாந்தோம் சர்ச் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். மயிலாப்பூரில் அரங்கேற்றம் செய்யும் பாதிப் பெண்களின் இடுப்பளவு ஆன்ட்டிக்கு மனப்பாடம் என்று சொல்வார்கள். கடையில் ஒரு கட்டிங் மாஸ்டர், மூன்று டைலர்கள். அடையாறுப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா ஆர்டர்தான் வருஷத்தில் பாதி நாள் அவர்களுக்குச் சோறு போட்டது. மற்றதெல்லாம் உதிரி வேலை.

என் தங்கைக்கு உடுப்பு வாங்கப் போனபோதுதான் ஆன்ட்டியைப் பிடித்துக்கொண்டேன். காலேஜ் முடித்த சூடு. ஊரெல்லாம் டாட் காம் என்று பேசிக்கொண்டிருந்த நேரம். "அமெரிக்காவுல இருக்கற பொண்ணுங்கல்லாம் டிரெஸ்ஸுக்காக மெட்ராஸ் வரைக்கும் வராங்க ஆன்ட்டி. நாம அவங்க வீட்டுக்கே போயிடலாம்" என்று நானே போய் நின்றேன். ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செஞ்சு காட்டு" என்றார். செய்தேன். கடைக்கு ஒரு வெப்சைட் கட்டி, கண்ணில் பட்ட தேடுதளத்திலெல்லாம் பதிவு செய்தேன். வெளிநாட்டு நாட்டியப் பள்ளிகளின் பக்கங்களைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய விருந்தினர் பதிவில் எங்கள் முகவரியை எழுதிவைத்தேன். கடையின் கேரி பேக்கிலும் அச்சடிக்க வைத்தேன். முகப்புப் பக்கத்தின் அடியில், கறுப்புப் பட்டையில் வெள்ளை எண்கள் உருளும் ஹிட் கவுன்ட்டர் ஒன்றையும் ஒட்டினேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று அது காட்டும்.

அந்த எண்தான் வினையானது.

முதலில் மெதுவாக ஏறியது. சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆர்டர், அமெரிக்காவிலிருந்து ஒன்று. பிறகு எண் ஓட ஆரம்பித்தது. வாரா வாரம் கடைக்குப் போய், ஆன்ட்டி இதற்கென்றே வாங்கிய கம்ப்யூட்டரில் நானும் அவரும் அதைப் பார்ப்போம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்ளோ பேர் வர்றாங்கன்னா, நூத்துல ஒருத்தர் வாங்கினாக்கூட நம்மளால தச்சுக் குடுக்க முடியாது" என்று நான்தான் சொன்னேன். ஆன்ட்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முந்தைய நாள் மாலை முடிவையும் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட ஆர்டர் வேண்டாம். மூன்று டைலர்களும் இனி வெளிநாட்டு வேலைதான். பள்ளிக்கூடத்தில் மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

எந்த நாட்டிலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கேற்ற நிறத்தில் பட்டு எடுக்கலாமே என்று எனக்கு ஒரு யோசனை. வெப்சைட்டை வைத்திருந்த கம்பெனியிடம் பதிவுக் கோப்பு கேட்டிருந்தேன். யார், எந்த இணைப்பிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று வரிவரியாக இருக்கும். அது அன்று காலைதான் மெயிலில் வந்தது. டவுன்லோடு ஆவதற்குள் உயிர் போய்விட்டது.

திறந்து பார்த்தால், பத்து வரிக்கு ஒன்பது வரியில் ஒரே இணைப்பு. நம் சென்னை டயல்-அப். நேரம் அமெரிக்கக் கணக்கில் இருந்ததால் நம் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். கடை திறக்கும் நேரம். அப்புறம் டீ நேரம். அப்புறம் சாப்பாடு முடிந்த நேரம். முகப்பு, முகப்பு, மறுபடியும் முகப்பு. அந்த இணைப்பிலிருந்து ஒருமுறைகூட உள்ளே போகவில்லை, ஒரு படத்தையும் திறந்து பார்க்கவில்லை.

மாஸ்டர்!

காலையில் கடை திறந்ததும் மாஸ்டர் கம்ப்யூட்டர் முன் நின்று, மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெப்சைட்டை ஒருமுறை திறந்து எண்ணை ஏற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். "போணி மா" என்றார். அவருக்குக் கைராசி உண்டென்று கடை முழுக்க நம்பிக்கை. நாளின் முதல் வியாபாரம் அவர் கையால்தான். ஒன்றே ஒன்றுதானே என்று சிரித்துவிட்டு வந்தேன். அவர் அந்த ஒன்றோடு நிறுத்தவில்லை.

பக்கத்து டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். கடை நம்பர் எங்கேஜ்டு. மறுபடி அடித்தேன். எங்கேஜ்டு. கம்ப்யூட்டரின் மோடமும் போனும் ஒரே லைனில் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னா மா, அடிச்சுக்கினே கீறே, அவரு எடுக்கலையா?" என்றார் பூத்காரர்.

"அவரு இல்ல, ஆன்ட்டி."

"ஆன்ட்டிக்கா இந்தப் பதட்டம்?"

பஸ்ஸுக்கு ஓடினேன். பாலம் தாண்டும் வரை வேகமாகப் போன பஸ், மந்தைவெளியில் ஆள் மாற்ற நின்றது. இறங்கிய கண்டக்டர் வந்த கண்டக்டரிடம் வீட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் குதித்து இறங்கி நடந்தேன், நடையே ஓட்டமாயிற்று. எங்கேஜ்டு சத்தம் காதிலேயே இருந்தது. யார் கண்டது, அந்த எங்கேஜ்டில் ஆன்ட்டிதான் பள்ளிக்கூடத்தோடு பேசிக்கொண்டிருந்தாரோ என்னவோ. பேசி முடித்திருந்தால் நான் ஓடுவதே வீண்.

கடை வாசலில் மூச்சு வாங்க நின்றேன். உள்ளே ஆன்ட்டி ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், லைன விடுங்க. மணியப் பாருங்க. ஸ்கூலுக்குச் சொல்லணும்."

"தோ ஆச்சு மா. இன்னும் கொஞ்சந்தான் பாக்கி கீது. ரவுண்டா வரட்டும், வுட்டுர்றேன்." மாஸ்டர் பொத்தானை அமுக்குவதும் பக்கம் ஏறும்வரை காத்திருப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் எண் ஒன்று கூடியது.

"பேசிடாதீங்க ஆன்ட்டி!"

இரண்டு பேரும் திரும்பினார்கள். நான் என்ன சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆன்ட்டியின் முகம் மட்டும் நினைவிருக்கிறது. பிரிண்ட் எடுத்து வந்த காகிதத்தை அவர் வாங்கவில்லை. மாஸ்டரைப் பார்த்தார்.

"எத்தன நாளா மாஸ்டர்?"

"இன்னா மா கேக்குறே? நல்லதுக்குத்தானே செஞ்சேன். நம்பர் ஏறுனா யாவாரம் ஏறும்னு இந்தப் பாப்பாதானே சொல்லுச்சு? இந்தப் பொத்தான அமுக்குனா ஏறுது. நான் அமுக்குனேன்."

அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"கொட்டிவாக்கத்துல இருக்கற தங்கச்சிகிட்டயும் டெய்லி ஒரு தடவ தொறக்கச் சொல்லி இருந்தேன்" என்றார் ஆன்ட்டி, தனக்குத்தானே சொல்வதுபோல. "சர்ச் கொயர்ல பாடற புள்ளைங்ககிட்டயும்." பிறகு என்னிடம், "அப்ப வெளிய இருந்து ஒருத்தரும் வரலியா?"

"வந்தாங்க ஆன்ட்டி. கொஞ்சம் பேர்."

மாஸ்டர் எழுந்து லைனைத் துண்டித்தார். ஆன்ட்டி ரிசீவரை வைத்ததுதான் தாமதம், போன் அலறியது. பள்ளிக்கூடம். அந்த மிஸ்ஸின் குரல் எனக்கே கேட்டது.

"காலைலேர்ந்து ட்ரை பண்றேன், எங்கேஜ்டு, எங்கேஜ்டு! இஷ்டம் இல்லைன்னா சொல்லிடலாமில்ல? தி.நகர்லேர்ந்து ஒரு டைலர வரச் சொல்லிட்டேன். வந்துட்டிருக்கார்."

"நானும் வந்துட்டிருக்கேன் மிஸ்" என்று ஆன்ட்டி போனை வைத்தார். பேச்சு முடிந்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

நாங்கள் மூவரும் ஒரே ஆட்டோவில். மாஸ்டர் மடியில் போன வருஷத்து மாதிரி உடுப்பு. "அந்த தி.நகர் ஆளு விசிறி மடிப்ப அயர்ன் பண்ணி ஒட்டுவான் மா, தைக்க மாட்டான்" என்றார். நான் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரின் முதுகையே முறைத்தேன்.

தி.நகர் டைலர் எங்களுக்கு முன்பே ஆபீஸ் அறையில் உட்கார்ந்து துணி மாதிரிகளை விரித்திருந்தார். வராந்தாவில் அளவு கொடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றன. ஆன்ட்டி அறைக்குள் போகவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, வரிசையில் முதலாக நின்ற பொடிசின் முன் மண்டியிட்டார்.

மிஸ் வெளியே வந்தார். "நான் இன்னும் யாருக்குன்னு சொல்லவே இல்லியே!"

"நீங்க பேசி முடிங்க மிஸ். அதுக்குள்ள புள்ளைங்களுக்குப் பசிக்கும். கை தூக்குடா கண்ணு." பிறகு என் பக்கம் திரும்பாமல், "எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். மிஸ் அப்படியே நின்றார். உள்ளே போனார், வந்தார், இன்னொரு மிஸ்ஸோடு கிசுகிசுத்தார். என் பேனா வியர்வையில் வழுக்கியது. ஆன்ட்டி அளந்துகொண்டே இருந்தார்.

"சின்ன கிளாஸ் நீங்க பண்ணுங்க" என்றார் மிஸ் கடைசியில். "பெரிய கிளாஸ் அவருக்கு. வாக்குக் குடுத்து வரவழைச்சுட்டேன், வெறுங்கையா அனுப்ப முடியாது."

பாதி. ஆன்ட்டி தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் ஆட்டோவில் மாஸ்டர்தான் முதலில் பேசினார். "ரெண்டு மெசினுக்கு வேல கீது. மூணாவது ஆளுக்கு இன்னா சொல்றது?"

அந்தக் கவுன்ட்டரைப் பிய்த்து எறி என்று ஆன்ட்டி சொல்வார், வெப்சைட்டும் அத்தோடு போகும் என்று நினைத்தேன்.

"நிஜமா வந்தாங்கன்னு சொன்னியே, கொஞ்சம் பேர்" என்றார். "அவங்க எதப் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க? அந்தப் பேப்பர்ல அது இருக்கா?"

மடியிலிருந்த காகிதங்களைப் புரட்டினேன். ஆட்டோ குலுங்கியதில் வரிகள் ஆடின. இருந்தது. சிங்கப்பூர், லண்டன், அமெரிக்கா. எல்லாரும் படங்களைப் பார்த்திருந்தார்கள். எல்லாரும் கடைசியாகத் திறந்தது ஒரே பக்கம், அதோடு சரி.

"அளவு எடுக்கறது எப்படின்னு போட்டிருக்கற பக்கம் ஆன்ட்டி."

"அத யாரு எழுதினது?"

"நான்தான்."

"உனக்கு அளவு எடுக்கத் தெரியுமா?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல வா. நான் சொல்றேன், நீ எழுது. மூணாவது மெசின் நிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் சரியா இருக்கணும்."