ஆக்னஸ் அக்கா கேட்ட காரணம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஆக்னஸ் அக்காவின் பட்டறையில் கல் தீட்டும் லூர்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "உங்க ஆபீஸுக்குப் போனேன், கிளம்பிட்டீங்கன்னாங்க. அக்கா மதியம் தவறிட்டாங்க" என்றாள். அவளோடு பாலக்கரை பஸ்ஸில் ஏறினேன்.

அக்காவுக்கு அஞ்சலி செலுத்த இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் பட்டறை முதலாளி. எனக்கு அக்கா முதலில் ஒரு கோப்பு. எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டு மூலப்பொருளுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் நான் எழுத்தர். செயற்கை வைரம் தீட்டிவந்த அக்கா, தீட்டாத கற்களைத் தாமே வரவழைக்க விண்ணப்பித்திருந்தார். அவருடைய மாதிரிகளைப் பார்த்த ஜெர்மனி வியாபாரி ஒருவர் ஆர்டர் தரத் தயாராக இருந்தார். கல் வராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். 'இத்தொழிலில் போதுமானவர்கள் உள்ளனர்' என்று அதிகாரி சொன்னார். மறுப்புக் கடிதத்தை எழுதியவள் நான்.

நான்காம் நாள் அக்கா அந்தக் கடிதத்தோடு என் மேஜை முன் நின்றார்.

"ஏம்மா, இதை எழுதினது நீங்களா?"

"சார் சொன்னதைத்தான் எழுதினேங்க."

"போதும்னு எண்ணிப் பாத்தது யாரு?"

"யாரும் எண்ணலீங்க."

"சோறு போதும்னு சாப்பிடறவன்தானே சொல்லணும்? நீங்க தெருவுல நின்னு சொல்றீங்களே!"

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலை வீடு திரும்பும்போது, பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அது வெட்கமாகிவிட்டது. அதே வாக்கியத்தை எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்!

அனுமதி வைத்திருந்த வியாபாரி ஒருவர், தம் பெயரில் கல் எடுத்துத் தந்து, தீட்டியதைத் தாமே ஏற்றுமதி செய்வதாக அக்காவிடம் சொன்னார். "நான் தீட்டினது அவர் பேர்ல கப்பல் ஏறணுமா? வேணாம்" என்று சொல்லிவிட்டு அக்கா மேல்முறையீடு எழுதினார். 'போதுமானவர்கள்' என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தார். அப்படி எந்தக் கணக்கெடுப்பும் அலுவலகத்தில் இல்லை என்று கோப்பில் குறிப்பு எழுதினேன்.

"உன்னை யாரும்மா கேட்டா?" என்றார் அதிகாரி.

"அவங்க கேட்டிருக்காங்க சார்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார், கடைசியில் அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டார்.

அனுமதி வந்தபோது ஜெர்மனி ஆர்டர் கைநழுவியிருந்தது. அக்கா அதை நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. அதே வாரம் வேறு மூன்று நாடுகளுக்கு மாதிரி அனுப்பினார். ஒன்றிலிருந்து பதில் வந்தது. பிறகு பதினொரு பெண்கள் அவரிடம் வேலை பார்த்தார்கள். "எங்கேயோ இருக்கறவன் என் தெரு கேக்கலை, சாதி கேக்கலை, கல்லை மட்டும் பாத்து வாங்குறான். இதைவிட மரியாதை உண்டா?" என்பார். உலகச் சந்தை பற்றிப் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது அவர் சொன்னதுதான்.

பத்து வருடம் கழித்து இன்று அந்தப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கம். மறுக்கும் முன் காரணத்தைத் தேடி, அதை என் பெயரிலேயே எழுதுகிறேன். காரணம் கிடைக்காவிட்டால் அனுமதிக்குப் பரிந்துரைக்கிறேன். பெரும்பாலான கோப்புகளில் கிடைப்பதில்லை.