படிக்காமல் இட்ட கையெழுத்து

என் அண்ணன் மோட்டார் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். ஆறு ஆண்டுகளில் மூன்று முறை ஆட்குறைப்பு நடந்தும் அவரை அசைக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும், வெளியேறியவர்களின் வேலையில் ஒன்றைக் கற்றுக்கொண்டு நாற்காலியில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துவிடுவார். தொழிற்சாலையில் அவருக்கு 'கோந்து' என்று பெயர். நான் எழுதிவரும் குடும்பப் பதிவேட்டில் அதைப் பெருமையாகவே குறித்திருந்தேன். அந்தக் குறிப்பை இப்போது திருத்துகிறேன்.

மூன்றாம் முறை, தமக்குத் தெரிந்த வேலைகளை ஆளுக்கொரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். பக்கத்து மேசை நண்பர், ஓடும் மோட்டாரில் திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு பழுதைச் சொல்லிவிடுவார். எழுதுவதென்றால் மட்டும் அவருக்குக் கை ஓடாது.

“நீயே எழுதிடுய்யா. உனக்குத்தான் கோர்வையா வரும்.”

அண்ணனே இரண்டு தாள்களையும் எழுதினார். காதால் பழுதறியும் வேலையை நண்பரின் தாளில் எழுதாமல் தம் தாளில் ஏற்றிக்கொண்டார். நண்பர் தம் தாளைப் படிக்காமலே கையெழுத்திட்டார். அடுத்த வாரம் அவருக்கு வேலை போயிற்று.

ஒரு மாதம் கழித்து மேலாளர் பழுதான மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். “காதால கேட்டே சொல்லுவேன்னு எழுதியிருக்கீங்களே, சொல்லுங்க.”

அண்ணனுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. நாளைக்குச் சொல்வதாகச் சமாளித்துவிட்டு, மாலையில் நண்பர் வீட்டுக்குப் போனார்.

“வாய்யா கோந்து! இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கியா?”

பழுதைப் பற்றிச் சொன்ன அண்ணன், தாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. வீட்டுத் தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு, நண்பர் திருப்புளியின் பிடியை அண்ணன் காதில் வைத்தார்.

“மண்ணை அரைக்கிற மாதிரி கேட்டா பேரிங். விட்டுவிட்டு உரசினா விசிறி. கண்ணை மூடிக் கேளு.”

பக்கத்து வீட்டு மோட்டாரையும் கேட்கவைத்தார். கிளம்பும்போது திருப்புளியையே கையில் திணித்தார். “வச்சுக்கோ. நம்மள்ல ஒருத்தனாவது உள்ள இருக்கணும்ல?”

மறுநாள் அண்ணன் பேரிங் என்றார். பிரித்துப் பார்த்தார்கள்; அவர் சொன்னது சரியாக இருந்தது. மேலாளர் தோளில் தட்டியபோது உடம்பே கூசிற்று என்கிறார்.

இந்த மாதம் நான்காம் ஆட்குறைப்புக்காக மறுபடியும் தாள் வந்திருக்கிறது. அதில் ஒரு வரியும் எழுத முடியாமல், நேற்று என் எதிரே உட்கார்ந்து இத்தனையும் சொன்னார். நான் எழுதியதை இருமுறை படித்துவிட்டு இரண்டு நகல்கள் கேட்டார்.

“ஒண்ணு மேலாளருக்கு. இன்னொண்ணு அவனுக்கு. இந்தத் தடவை படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லணும்.”