எல்லோருக்கும் சரியாகிவிட்ட வாரம்

கௌசல்யா அக்காவைப் பற்றி எழுத என்னைவிட உரிமையுள்ளவர்கள் அவரிடம் ஆலோசனைக்கு வந்த நீங்கள். உங்கள் முகங்களைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கணினிக்குப் பின்னால் இருந்தவள் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மல்லசமுத்திரத்தில் பேருந்துக்கு நின்றிருந்தேன். அவருடைய தம்பி அழைத்து, "அக்கா போயிட்டாங்க சாமி" என்றார். வந்த பேருந்தில் ஏறாமல் அப்படியே நின்றேன்.

திருச்செங்கோட்டு மனநல மையத்தில் அவர் ஆலோசகர். நான் மென்பொருள் எழுதுபவள். தூக்கம், பயம், அழுகை பற்றி ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும் நீங்கள் படிவம் நிரப்புவீர்கள். சென்ற முறையைவிடத் துன்பத்தின் மதிப்பெண் சட்டென்று ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை என்று என் மென்பொருள் காட்டும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. அக்காதான் சொன்னார்: "பால் பொங்கறப்பக் கூப்புடறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா? அந்த ஆளு உங்க புள்ளதானுங்க."

புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் தலையில் துணி கட்டிக்கொண்டு அவர் திரும்பிய வாரம், திரை முழுக்கப் பச்சை. மகிழ்ச்சியோடு ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்கு முடியலீன்னதும் அத்தன பேருக்கும் நல்லாயிருச்சாக்கும்! நோவுல கெடக்கறவகிட்ட நம்ம நோவச் சொல்லக்கூடாதுன்னு வளத்திருக்கறாங்க சாமி." பிறகு சிரிப்பு நின்றது. "இதுல நெசமாவே முடியாதவங்க யாருன்னு இப்ப எப்படிக் கண்டுபுடிப்ப?"

எனக்குத் தெரியவில்லை. அன்றே ஒவ்வொருவரையும் அவர் தொலைபேசியில் அழைத்தார். ராசிபுரத்தில் தறி ஓட்டும் ஒருவர் (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்) பிடிகொடுக்கவில்லை.

"நல்லா இருக்கறனுங்க. நீங்க ஒடம்பப் பாருங்க."

"அதப் பாக்க டாக்டர் இருக்கறாருங்க. நேத்துத் தூங்குனீங்களா?"

மறுமுனையில் தறிச் சத்தம் நின்றது. அப்புறம், "தூங்கி நாலு நாளாச்சுங்க" என்ற குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. மறுநாள் காலை முதல் ஆளாக அவரை வரச்சொன்னார்.

அதன் பிறகு என் மென்பொருளில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்: ஆலோசகர் அன்று எப்படி இருந்தார்? அதை அவரே நிரப்புவார். ஒருநாள், "வலி. இரண்டு பேரிடம் அவசரப்பட்டேன்" என்று இருந்தது. அந்தக் கட்டத்தை நான் எடுக்கப் போவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

கேட்கக் கூசி இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதை இப்போது கேட்கிறேன். அக்கா போனபின் நீங்கள் தந்த படிவங்களில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீங்கிய கண்களைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். வியாழக்கிழமை புதிய ஆலோசகர் இருப்பார். வந்து இன்னொரு முறை நிரப்பித் தாருங்கள். முதல் கேள்வி தூக்கம் பற்றியது. அதிலாவது உள்ளதை எழுதுங்கள்.