வாத்தியார் கணக்கும் விடுதிச் சோப்பும்

என் கொழுந்தன் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், வாய்க்கு இல்லை. அடுப்பில் பால் பொங்கினால் ஏன் பொங்குகிறது என்று விளக்குவாரே தவிர, இறக்கி வைக்க மாட்டார். அவரும் அவர் பெண்டாட்டியான என் ஓரகத்தியும் வீட்டுப் பின்னறையில் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து குளியல் சோப்பு காய்ச்சுகிறார்கள். அச்சிலிருந்து எடுத்துக் கட்டி கட்டியாக அறுப்பது என் வேலை.

ஒரு பெண்கள் விடுதியில் நூறு கட்டி கேட்டார்கள். ஓரகத்தி தானே போய்ப் பேசிப் பிடித்த முதல் ஆர்டர் அது. புருஷன் நிழல் இல்லாமல் ஒரு காரியம் முடித்துக் காட்ட வேண்டும் அவளுக்கு. அதனால் அவர் வெளியே போன நேரம் பார்த்து அடுப்பைப் பற்றவைத்தாள். டின்னைக் கவிழ்த்தால் எண்ணெய் தேவைக்குக் கால்வாசி குறைந்தது. விருந்தாளி கூடினால் பாலில் தண்ணீர் விட்டுச் சமாளித்த கை அல்லவா? சோடாக் கரைசலைக் கூட்டி ஊற்றி, அச்சை நிரப்பிவிட்டாள்.

மறுநாள் அறுக்கும்போது என் விரலெல்லாம் எரிந்தது. வாத்தியார் ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். அவர் பேச்சு நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாய் கொப்பளித்துவிட்டு வந்ததும் பாடம் தொடங்கியது. எது குறைவோ அதுதான் அளவைத் தீர்மானிக்குமாம். எண்ணெய் தீர்ந்த இடத்தில் சோப்பும் நின்றுவிடுமாம். மிச்ச சோடா சும்மா உட்கார்ந்து தோலைக் கடிக்குமாம்.

"எடை சரியாத்தானே இருக்கு?" என்றாள் அவள்.

"எடை இருக்கு. அவ்வளவு சோப்பு இல்லையே."

அவள் முகம் வாடிவிட்டது. மறுநாள் காலையில் விடுதிக்குக் கொடுத்தாக வேண்டும். "பரீட்சை அப்புறம் வைங்க தம்பி, இப்ப என்ன பண்ணணும் சொல்லுங்க" என்றேன்.

மிஞ்சிய சோடாவுக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று கணக்குப் போட்டு, வாங்கி வந்தார். எல்லாவற்றையும் மறுபடி உருக்கி, எண்ணெய் விட்டுக் கிண்டினோம். நூற்றுப்பத்து கட்டி வரும் என்று அடித்துச் சொன்னார். ஆறவைத்து அறுத்தால் தொண்ணூற்றாறு. நாங்கள் இரண்டு பேரும் தின்றுவிட்ட மாதிரி பார்த்தார்.

"மீதி எங்க?"

"சட்டியில, கரண்டியில, உங்க சட்டையில" என்றாள் அவள்.

கணக்கில் தப்பே இல்லை, நானும் வந்து வார்டனுக்கு விளக்குகிறேன் என்று செருப்பைத் தேடினார். "நீங்க வந்தா இந்த ஆர்டரும் போயிரும்" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே போனாள்.

எண்ணெய் குறைந்ததையும் தான் செய்த கோளாறையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். வார்டன் ஒரு கட்டியை எடுத்துக் கை கழுவிப் பார்த்துவிட்டு, மீதி நாலை அடுத்த மாதச் சரக்கோடு கொண்டுவரச் சொன்னாராம். வந்ததும் வராததுமாகப் புருஷனிடம் கேட்டாள்:

"அடுத்த மாசமும் நூறு. ஒட்டுறது உதிர்றது போக நூறு வரணும்னா எவ்வளவு எண்ணெய் வாங்கணும்?"

அவளாக அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டு நான் பார்த்ததில்லை. மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கு வைக்கிற நேரம் வரை விடவில்லை. பாவம், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.